பெட்டியின் மேல் ஒரு பெயர்

அக்டோபர் 2, 2024, புதன். பொக்கும்

மகாளய அமாவாசை. நான் டார்ம்ஸ்டாட்டிலிருந்து ரயிலில் நண்பன் குகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மாலை நான்கு மணி. நண்பர்கள் செல்வமும் கயலும் ஐந்தோவனிலிருந்து காரில் எனக்கு முன்பே வந்து, விரதச் சமையலை ஒரு கை பார்த்துவிட்டு, ஆளுக்கொரு சோபாவில் சாய்ந்திருந்தார்கள். "கை கழுவிட்டு வாங்கோ பிள்ளை, உங்களுக்கெண்டு எடுத்து வச்சிருக்கிறன்" என்றார் குகனின் அம்மா. ஜெர்மனியில் முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆகியும் அவர் கைப் பருப்புக் கறி யாழ்ப்பாணத்தை விட்டு ஓரடி நகரவில்லை.

நாளை பக்கத்து ஊரான எஸ்ஸனில் 'ஷ்பீல்' தொடங்குகிறது. போர்டு கேம்களுக்கென்று உலகில் நடக்கும் திருவிழாக்களில் ஆகப் பெரியவற்றுள் ஒன்று. வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள். அந்த நாட்களில் எஸ்ஸனில் ஓட்டல் அறை கிடைப்பதே அரிது, கிடைத்தால் வாடகை வாயில் நுழையாது. பொக்குமில் குகன் வீடு இருக்க எங்களுக்கு என்ன கவலை! எஸ்-1 ரயிலில் ஏறினால் இருபது நிமிடத்துக்குள் எஸ்ஸன்.

இந்த முறை நாங்கள் வெறும் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. செல்வம் ஓர் ஆட்டம் செய்திருக்கிறான். பெயர் 'மல்லி'. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்தான் களம். கயல் படம் வரைந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை இரண்டு பதிப்பகங்களிடம் காட்ட நேரம் வாங்கியிருக்கிறார்கள்.

இரவு ஒரு தடவை ஆடிப் பார்த்தோம். ஒவ்வொரு சுற்றும் ஒரு காலைப்பொழுது. நடுவில் மொட்டுகள். விலைப் பலகையில் கிலோ விலை உச்சத்தில் தொடங்கி ஒவ்வொரு படியாக இறங்கும். முதலில் மேசையைத் தட்டுபவருக்கு அந்த விலையில் பூ. காத்திருந்தால் மலிவு. ஆனால் பாதி இறங்கியதும் மொட்டுகள் ஒவ்வொன்றாக விரியத் தொடங்கும். விரிந்த பூ கட்டுகிறவருக்கு ஆகாது, செண்ட் கம்பெனிக்குத்தான் போகும், அங்கே காசு குறைவு. இறங்கு விலை ஏலம் என்ற யோசனை செல்வத்துக்கு நெதர்லாந்தின் ஆல்ஸ்மேர் மலர்ச் சந்தையைப் பார்த்துவிட்டு வந்தது. அங்கே ஏலக் கடிகாரத்தில் விலை மேலிருந்து கீழேதான் ஓடும். பூ விரியும் விதி மட்டும் அவன் ஊர்ச் சரக்கு.

இவை போக 'முகூர்த்தச் சீட்டு' என்று ஒரு கட்டு. நாளைக்கு எத்தனை கல்யாணம் என்று முன்கூட்டிப் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். இதைத் தூக்கிவிடு என்று கயல் ஆகஸ்டிலிருந்து சொல்லி வருகிறாளாம். "முகூர்த்தம் இல்லாம மல்லிக்கு என்னடி விலை?" என்பது செல்வத்தின் கட்சி.

குகனின் அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "பூ வாங்க இவ்வளவு கணக்கோ?" என்று கேட்டு உள்ளே போனார்.

அக்டோபர் 3, வியாழன்

இன்று ஜெர்மனி ஒன்றிணைந்த நாள். நாடு முழுக்க விடுமுறை, கடைகள் மூடல். எஸ்ஸன் தலைமை நிலையத்தில் யூ-11 பிடிக்க நின்ற கூட்டத்தைப் பார்த்தால் ஊருக்கே வேறு வேலை இல்லை போலிருந்தது. பாதிப் பேரிடம் சக்கரம் வைத்த காலிப் பெட்டி. திரும்பும்போது காலியாக இருக்காது.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. ஓடாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்ல ஓடினார்கள். அறுபது வயதுக்காரர்கள், முதுகில் பையோடு, ஒரு குறிப்பிட்ட பெட்டியின் முதல் சில பிரதிகளுக்காக. எனக்கு இதில் மரியாதை இல்லை. மூன்று மாதத்தில் அதே பெட்டி எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆனால் ஓடியவர்களில் குகனும் ஒருவன். வாங்கி வந்து மூச்சு வாங்க, "கடைசிக்கு முந்தினது, உமாக்கா" என்று காட்டினான். அந்தப் பெட்டி இன்னும் உறை பிரிக்கப்படவில்லை என்பதை இரவு பத்தரை மணிக்கு இதை எழுதும்போது பதிவு செய்கிறேன்.

நிலக்கரியும் இரும்பும் வளர்த்த ஊர் எஸ்ஸன். 1983இல் இங்கே மக்கள் கல்விக் கூடம் ஒன்றில் ஆட்டப் பிரியர்களின் சந்திப்பாகத்தான் ஷ்பீல் தொடங்கியது. ஃப்ரீட்ஹெல்ம் மெர்ஸ் என்பவர் தொடங்கி வைத்தார். இப்போது பொருட்காட்சி மைதானத்தின் மண்டபங்களெல்லாம் நிரம்பி வழிகின்றன. கடை போட்டவர்கள் 900க்கு மேல். வாங்க வருகிறவர்களைவிட ஆட வருகிறவர்களுக்கே இடம் அதிகம்: மேசை, நாற்காலி, மேசைக்கொரு விளக்குநர். இந்த விளக்குநர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். ஒரே ஆட்டத்தின் விதிகளை ஒரு நாளைக்கு இருபது தடவை, ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றி, முதல் தடவை போலவே சொல்கிறார்கள். நல்ல விளக்குநர் விதியில் தொடங்குவதில்லை. "நீங்கள் விமானி, நீங்கள் துணை விமானி, இறக்க வேண்டும், ஆனால் பேசக்கூடாது" என்று தொடங்குகிறார்.

அது 'ஸ்கை டீம்'. லூக் ரெமோன் செய்தது. இந்த ஆண்டின் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' விருது பெற்றது. இருவர் மட்டும் ஆடலாம். பகடைகளை உருட்டியபின் வாயைத் திறக்கக் கூடாது, ஒருவர் மனத்தை மற்றவர் ஊகித்துப் பகடையை வைக்க வேண்டும். செல்வமும் கயலும் உட்கார்ந்தார்கள். செல்வத்தால் மூன்று நிமிடத்துக்கு மேல் பேசாமல் இருக்க முடியாது என்பது கல்லூரிக் காலத்திலிருந்து எங்களுக்குத் தெரியும். புருவத்தால் பேசினான். விளக்குநர் பையன் சிரித்தபடியே, "புருவமும் பேச்சுத்தான்" என்றான். விமானம் ஓடுபாதைக்கு முன்பே விழுந்தது. கயல் எழுந்து காபி வாங்கப் போய்விட்டாள்.

இந்த விருதைப் பற்றிக் கொஞ்சம். 1979இலிருந்து கொடுக்கிறார்கள். தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் விமர்சகர்கள், வியாபாரிகளுக்கு இடமில்லை. பரிசுப் பணம் கிடையாது. பெட்டியில் விருதின் சிவப்பு முத்திரை ஏறினால் கிறிஸ்துமஸுக்கு ஜெர்மன் குடும்பங்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும், அதுவே பரிசு. 1995இல் 'கட்டான்' இந்த விருதைப் பெற்றபோது அதைச் செய்த கிளாவ்ஸ் டாய்பர் நான் வசிக்கும் டார்ம்ஸ்டாட் பக்கம் பல் கட்டும் தொழிற்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். வேலை முடிந்த இரவுகளில் நிலவறையில் உட்கார்ந்து செய்த ஆட்டம் அது. போன வருடம் ஏப்ரலில் இறந்தார்.

காபியோடு திரும்பி வந்த கயல்தான் அதைக் கவனித்தாள்: எந்தப் பெட்டியை எடுத்தாலும் முகப்பில் ஆட்டத்தைச் செய்தவர் பெயர் இருக்கிறது. படம் வரைந்தவர் பெயரும் பெரும்பாலும் எங்கேயாவது இருக்கிறது. இது தானாக வந்த வழக்கம் இல்லை. 1988இல் நியூரம்பெர்க் பொம்மைச் சந்தையின்போது ஆட்டம் செய்பவர்கள் 13 பேர், பியர் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டை ஒன்றில் கையெழுத்துப் போட்டார்கள்: பெட்டியின் மேல் எங்கள் பெயரைப் போடாத பதிப்பகத்துக்கு இனி ஆட்டம் கொடுப்பதில்லை. மூன்று ஆண்டு கழித்துத் தங்களுக்கென்று ஒரு சங்கமும் அமைத்தார்கள். இதை எதிர்த்திசையிலிருந்தும் பார்க்கலாம். அமெரிக்காவில் எலிசபெத் மேகி 1904இல் காப்புரிமை பெற்ற நிலக்கிழார் ஆட்டம்தான் பிற்பாடு மோனோபொலி ஆனது. பெயரும் பணமும் சார்லஸ் டாரோ என்பவருக்குப் போயின. மேகிக்குக் கிடைத்தது 500 டாலர்.

என் கருத்து இது: பெயர் வந்தபிறகுதான் பொறுப்பும் வந்தது. 'கனிட்சியாவின் புதியது' என்று தேடி வாங்குகிறார்கள், போன ஆட்டத்தைவிட இது மட்டம் என்று அவரைத் திட்டவும் செய்கிறார்கள். கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கிய ரைனர் கனிட்சியா அறுநூறுக்கு மேல் ஆட்டங்கள் செய்திருக்கிறார். பெயரில்லாத பொம்மை வியாபாரத்தில் இப்படி ஒரு வாசகர் கூட்டம் உருவாகியிருக்காது.

மாலை கும்பகோணத்திலிருந்து அம்மா. இன்று நவராத்திரி தொடக்கம், கொலு வைத்தாயிற்றாம். "எங்க இருக்க, ஒரே சத்தமா இருக்கு?" சொன்னேன். "நாப்பது வயசுக்கு மேல விளையாட்டுக்கு ரயிலேறிப் போனியா?" என்றாள். பிறகு, "மரத்துல ஏதாவது சின்னப் பொம்மை கிடைச்சா வாங்கிட்டு வா, அடுத்த வருஷக் கொலுவுக்கு ஆகும்."

அக்டோபர் 4, வெள்ளி

பதினொன்றரைக்கு முதல் சந்திப்பு.

கடைகளின் முன்பக்கம் விளக்கும் வண்ணமுமாக இருக்கும். பின்பக்கம் தட்டியால் மறைத்த சின்ன அறைகள், அங்கேதான் உண்மையான வேலை நடக்கிறது. பதிப்பகத்தின் ஆட்டத் தொகுப்பாளர் அரை மணிக்கொருவராகச் செய்பவர்களைப் பார்ப்பார். கோடையிலேயே மின்னஞ்சலில் ஒரு பக்கக் குறிப்பு அனுப்பி நேரம் வாங்கியிருக்க வேண்டும். ஆள் போதவில்லை என்று என்னையும் உள்ளே அழைத்துப் போனார்கள்.

தொகுப்பாளர் ஐம்பதை ஒட்டிய பெண். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, "விளக்க வேண்டாம், ஆடுவோம்" என்றார். செல்வம் இரண்டு வாரம் கண்ணாடி முன் நின்று பழகிய பேச்சு அங்கேயே போயிற்று. விலை இறங்கத் தொடங்கியது. இருபது, பத்தொன்பது, பதினெட்டு. அவர் கை மேசைக்கு மேலே மிதந்துகொண்டிருந்தது. பன்னிரண்டில் முதல் மொட்டு விரிந்தது. "ஓ!" என்று சொல்லி அவர் தட்டுவதற்குள் நான் தட்டிவிட்டேன். அவர் என்னை முறைத்த முறைப்பை செல்வம் ஆயுளுக்கும் மறக்க மாட்டான். அதுதான் தேர்வில் தேறியதற்கு அடையாளம்.

பிறகு முகூர்த்தச் சீட்டு வந்தது. நால்வரும் சீட்டைக் கையில் வைத்துப் படித்தோம். ஒரு நிமிடம். ஒன்றரை நிமிடம். அறையில் பேச்சில்லை. தொகுப்பாளர் சீட்டைக் கீழே வைத்தார்.

அவர் சொன்னதை வெளியே வந்ததும் குறித்துக்கொண்டேன். தட்டும் இடத்தில் எல்லாரும் முன்னால் சாய்கிறோம், சீட்டு வந்ததும் பின்னால் சாய்கிறோம். ஆடுகிறவர்களின் முதுகைப் பார்த்தாலே ஆட்டம் எங்கே செத்துப்போகிறது என்று தெரிந்துவிடும். இரண்டாவது, சீட்டில் எழுத்து அதிகம். எழுத்தில்லாத ஆட்டத்தைப் பத்து நாட்டில் ஒரே அச்சில் விற்கலாம், எழுத்து இருந்தால் ஒவ்வொரு மொழிக்கும் தனி அச்சு. மூன்றாவது, ஒன்றரை மணி நேரம் இந்த ஆட்டத்துக்கு நீளம், 45 நிமிடத்தில் முடிய வேண்டும். சீட்டில்லாமல் ஆடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், ஜனவரிக் கடைசியில் நியூரம்பெர்க்கில் பார்ப்போம். பெட்டியை வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் கயல் வரைந்த விலைப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டார்.

கயல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததையே செல்வத்தால் தாங்க முடியவில்லை.

இரண்டாவது சந்திப்பு மூன்று மணிக்கு, வேறொரு மண்டபத்தில். பத்து நிமிடம் தாமதமாக வந்த தொகுப்பாளர், ஒரு சுற்று ஆடியதும் நிறுத்தச் சொன்னார். ஏலம் பிடித்திருக்கிறது என்றார். களம்தான் யோசனையாக இருக்கிறதாம். மல்லிக்குப் பதில் துலிப் வைத்தால் என்ன? ஆல்ஸ்மேர் என்றால் ஒரு வார்த்தை விளக்க வேண்டியதில்லை, பெட்டியைப் பார்த்ததும் வாங்குவார்கள்.

செல்வம் மரியாதையாக, "யோசிக்கிறேன்" என்றான். அவன் ஆல்ஸ்மேரைப் பார்த்துத்தான் ஏலத்தையே எடுத்தான் என்பதால் வாயடைத்துப் போய் நின்றது எனக்குப் புரிந்தது. பதில் சொன்னவள் கயல்: "துலிப்பை யாரும் செண்ட் கம்பெனிக்கு அனுப்ப மாட்டார்கள். அது பத்து நாள் ஜாடியில் நிற்கும். இந்தப் பூ இன்று மாலைக்குள் ஒருத்தர் தலையில் ஏறியாக வேண்டும். அந்த அவசரம்தான் உங்களைத் தட்ட வைத்தது." அவர் தலையாட்டினார். ஒப்புக்கொண்டாரா, அடுத்த சந்திப்புக்கு நேரமாயிற்றா, தெரியவில்லை.

களத்தை மாற்றச் சொல்வது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம், அதில் அவமானம் இல்லை. பல ஆட்டங்களில் கணக்கு ஒரு பக்கம், கதை ஒரு பக்கம். கோட்டையைத் தூக்கிவிட்டுக் கப்பலை வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. 'மல்லி' அப்படிப்பட்டதல்ல. பூவின் ஆயுள்தான் அதன் விதி. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற பூ என்ற பெருமைக்காக நான் இதைச் சொல்லவில்லை. துலிப்பை வைத்தால் இரண்டாவது பாதியில் பயமே இருக்காது, ஆட்டம் படுத்துவிடும்.

ரயிலில் செல்வம் கேட்டான்: "துலிப்னு போட்டாலும் பெட்டி மேல என் பேரு வரும்ல?"

"வரும்" என்றாள் கயல். "மதுரைக்காரன் செஞ்ச துலிப்பு."

அக்டோபர் 5, சனி

சனிக்கிழமை யாரும் வராதீர்கள். தோள்மேல் தோள் இடித்து நகர வேண்டியிருந்தது. காலியாக ஒரு மேசை கிடைக்க முக்கால் மணி நேரம். கிடைத்த மேசையில் எங்களோடு உட்கார்ந்தவர்கள் போலந்துக்காரத் தம்பதி. 'டேபிரேக்' ஆடினோம். 'பாண்டமிக்' செய்த மாட் லீக்காக், மாட்டியோ மெனபாச்சேயுடன் சேர்ந்து செய்தது. ஆளுக்கொரு வல்லரசு, எல்லாரும் சேர்ந்து புவி வெப்பத்தைக் குறைக்க வேண்டும். முன்பின் தெரியாத நான்கு பேர் ஒரு மணி நேரத்தில் நிலக்கரி ஆலையை மூடுவதைப் பற்றி வாக்குவாதம் செய்துவிட்டு, பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் கைகுலுக்கிப் பிரிந்தோம். இந்தச் சந்தையில் எனக்குப் பிடித்தது இதுதான்.

பிற்பகலில் குகன் என்னை ஒரு வேடிக்கைக்கு அழைத்துப் போனான். பழைய ஆட்டங்களின் பண்டமாற்று. நம்மூர்ச் சந்தையில் நெல்லைக் கொடுத்து உப்பை வாங்குவதற்கு இருவருக்கும் மற்றவர் பண்டம் வேண்டியிருக்க வேண்டும். இங்கே அது வேண்டாம். யார் யாரிடம் என்ன இருக்கிறது, அதற்குப் பதிலாக எவற்றையெல்லாம் ஏற்பார்கள் என்று எல்லாரும் முன்கூட்டியே பட்டியல் கொடுத்துவிடுகிறார்கள். கணினி அதில் வளையங்களைத் தேடுகிறது: என் பெட்டி பெல்ஜியக்காரருக்கு, அவருடையது ஒரு போர்த்துகீசியப் பெண்ணுக்கு, அவளுடையது எனக்கு. காசு கைமாறுவதில்லை, தபால் செலவும் இல்லை, எல்லாரும் சந்தைக்கு வரத்தானே போகிறோம். குறித்த நேரத்தில் குறித்த மூலையில் கூடி, அட்டையில் பெயரெழுதித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சத்தம் காதைப் பிளக்கிறது. ஒரே ஒரு ஆள் வராமல் போனால் அவருக்கு அடுத்திருப்பவர் ஏமாந்துபோவார். ஆனாலும் வருகிறார்கள். பெயர் தெரியாத ஒருவரின் வார்த்தையை நம்பி ஒருவர் லிஸ்பனிலிருந்து பெட்டி சுமந்து வருகிறார்.

குகன் தன் பழைய 'அக்ரிகோலா'வைக் கொடுத்து 'டிகால்' வாங்கினான். 1999இல் விருது வாங்கியது. உள்ளே ஒரு காய்கூடக் குறையவில்லை. காய்களை நிறவாரியாகச் சின்னப் பைகளில் போட்டு, ஒவ்வொன்றிலும் எண்ணிக்கை எழுதி வைத்திருந்தார் முன்பு வைத்திருந்தவர்.

இரவு பொக்குமில் வேறொரு பாடம். மூன்று நாளாக எங்கள் பெட்டிகளைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த குகனின் அப்பா, சாப்பாடானதும் ஒரு கட்டுச் சீட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இவ்வளவு பெட்டி தேவையில்லை. இருங்கோ, முந்நூற்றி நாலு அடிப்பம்."

முந்நூற்றி நாலு இலங்கைத் தமிழர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஆடுவது. 32 சீட்டு, இரண்டு பேருக்கு இரண்டு பேர். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. துரும்பைக் கவிழ்த்து வைப்பார்கள். கேட்ட இனம் கையில் இல்லாதவரும் சீட்டைக் கவிழ்த்தே போடுவார், துரும்பு வைத்தவர் மட்டும் அதை எடுத்துப் பார்க்கலாம். அந்த ஒரு பார்வையில் முகம் மாறாமல் இருப்பதுதான் வித்தை. குகனின் அப்பா எஃகு ஆலையில் இரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவர் முகம் அசையவே இல்லை.

ஒற்றுமையைக் கண்டு செல்வம்தான் கூவினான். அவன் அலுவலகத்தில் டச்சுக்காரர்கள் மதியம் ஆடும் கிளாவர்யாஸிலும் துரும்பு ஜாக்தான் தலை, 20 புள்ளி. அடுத்தது ஒன்பது, 14. நம் பக்கத்து 'இருபத்தெட்டு' ஆட்டத்திலும் வரிசை அப்படியே. ஜாக்கும் ஒன்பதும் தலைமேல் ஏறும் இந்தக் குடும்பத்தை ஒல்லாந்தர்தான் கப்பலில் கொண்டுவந்திருப்பார்கள் என்று சீட்டாட்ட வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். "அப்ப நாங்கள் அவையளிட்டக் குடுத்ததுக்கு இதுதான் மாத்தோ?" என்றார் குகனின் அப்பா. கறுவாத்தோட்டத்தை நினைத்துச் சொன்னார் என்று நினைக்கிறேன். சொல்லிக்கொண்டே என் ஒன்பதை அள்ளினார்.

கயலும் அவரும் ஒரு கட்சி. நானும் செல்வமும் ஒரு சுற்றுகூட ஜெயிக்கவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

கடைசி நாள், கூட்டம் குறைவு, குழந்தைகள் அதிகம்.

பழைய ஆட்டங்கள் விற்கும் கடையில் இந்தியாவைத் தேடினேன். இருக்கிறது, நிறையவே. ருடிகர் டோர்ன் செய்த 'கோவா'. ஒட்டகங்களைக் கொடுத்துச் சரக்கு வாங்கிப் பட்டு விற்கும் 'ஜெய்ப்பூர்'. இங்கா, மார்க்குஸ் பிராண்ட் தம்பதியின் 'ராஜாஸ் ஆஃப் த கேஞ்சஸ்'. கணக்கில் எல்லாம் கெட்டிக்கார ஆட்டங்கள். பிராண்ட் தம்பதியின் ஆட்டம் எனக்கு உண்மையாகவே பிடிக்கும். ஆனால் அரண்மனை, ஒட்டகம், மசாலா, இவற்றுக்கு அப்பால் யாரும் போகவில்லை. முந்தாநாள் துலிப் கேட்டவரின் கணக்கு இப்போது விளங்குகிறது. ராஜாவை ஜெர்மன் குடும்பத்துக்கு அறிமுகப்படுத்த வேண்டாம், பூக்காரம்மாவை அறிமுகப்படுத்த வேண்டும்.

'சென்சுரி: ஸ்பைஸ் ரோட்' பெட்டியைத் திறந்து காட்டியபோது கயல் வாய்விட்டுச் சிரித்தாள். அதில் மஞ்சள் ஆக மட்டமான சரக்கு, அதற்கு மேல் குங்குமப்பூ, ஏலக்காய், எல்லாவற்றுக்கும் மேலே லவங்கப்பட்டை! குங்குமப்பூவைவிடப் பட்டை உசத்தி. மளிகைக் கடைக்கு ஒருமுறை போய் வந்த யாரும் இந்த வரிசையைப் போட்டிருக்க மாட்டார்கள். ஆட்டம் என்னவோ அருமை, அதையும் சொல்லியாக வேண்டும்.

எல்லாரும் கண்மூடித்தனமாக இல்லை. 2002இல் வந்த 'புவெர்த்தோ ரீக்கோ'வில் தோட்டங்களில் வேலை செய்யும் பழுப்புக் காய்களைக் குடியேறிகள் என்றார்கள், அவர்கள் யாரென்று ஆடியவர்களுக்குத் தெரியும். இருபது வருடம் கழித்து அதே ஆட்டத்தை அடிமை முறை ஒழிந்தபின் உள்ள 1897க்கு மாற்றி வெளியிட்டார்கள். களம் வெறும் சாயம் அல்ல என்று அவர்களும் ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம்.

குழந்தைகள் பக்கம் ஒரு தாத்தாவும் பேத்தியும் 'மென்ஷ் எர்கெரெ டிஷ் நிஷ்ட்' ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியில் இது இல்லாத வீடு அபூர்வம். மியூனிக்கில் யோசெஃப் ஷ்மிட் தன் பிள்ளைகளுக்காகச் செய்து, 1914இலிருந்து பெருமளவில் தயாரித்து விற்றது. முதலில் சரியாகப் போகவில்லை. முதல் உலகப் போர் வந்ததும் 3,000 பெட்டிகளைப் படை மருத்துவமனைகளுக்கு இலவசமாக அனுப்பினார், காயம்பட்டவர்கள் ஊருக்குத் திரும்பி அதையே கேட்டார்கள். மூலம் நம் பச்சீசி. தாயத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. வெட்டுப்பட்ட பேத்தி காயைத் தூக்கி எறிந்தாள், தாத்தா குனிந்து தேடினார். "எங்கட அம்மம்மா தாயத்தில வெட்டினா மூண்டு நாளைக்குச் சொல்லிக் காட்டுவா" என்றான் குகன்.

தாயத்துக்கும் பல்லாங்குழிக்கும் ஆடுபுலிக்கும் செய்தவர் பெயர் இல்லை. அதனால் ஊருக்கொரு விதி. எங்கள் ஊரில் தாயம் விழாமல் காய் இறங்காது, செல்வத்தின் பாட்டி ஊரில் ஐந்து விழுந்தாலும் இறங்கலாம். பெயரில்லாததால் யாரும் திருத்தலாம், யாரும் பொறுப்பில்லை. அது ஒரு அழகு. ஆனால் அந்தப் பாட்டி போனபின் அவர் ஊர் விதி செல்வத்துக்கு முழுதாக ஞாபகமில்லை. இதைப் படிக்கிறவர்கள் தங்கள் வீட்டு விதிகளை ஒரு தாளில் எழுதி, யார் சொன்னது என்று பெயரும் ஊரும் போட்டு வைத்தால் நல்லது. அரைமணி நேர வேலை.

அம்மாவுக்குக் கொலுவுக்காக மரத்தில் ஒரு மாடும் ஆறு ஆடும் வாங்கினேன். பண்ணை ஆட்டம் ஒன்றின் உதிரிக் காய்கள்.

இரவு, முகூர்த்தச் சீட்டு இல்லாமல் 'மல்லி'.

அக்டோபர் 7, திங்கள். ரயிலில்

இந்த ஆண்டு ஷ்பீலுக்கு 2,04,000 பேர் வந்ததாகக் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். குகன் வாங்கிய பெட்டிகள் அவன் அறையின் ஒரு சுவரை மறைக்கின்றன. நான்கு நாளில் அவற்றில் ஒன்றைத்தான் ஆடினோம். குவித்து வைப்பதை இந்தக் கூட்டம் வேடிக்கையாகப் பேசிக்கொள்கிறது, நான் அதை நோய் என்றே சொல்வேன். போக நினைப்பவர்களுக்கு: நுழைவுச்சீட்டை முன்பே வாங்குங்கள், வியாழன் அல்லது ஞாயிறு போங்கள், ஒன்றிரண்டு பெட்டிக்கு மேல் தூக்காதீர்கள், மற்ற நேரமெல்லாம் அந்நியர்களோடு உட்கார்ந்து ஆடுங்கள்.

துலிப் கேட்டவருக்கு செல்வம் காலையிலேயே நன்றி சொல்லி, வேண்டாம் என்று எழுதிவிட்டான். என்னிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்பினான். இரண்டே வரி.

நேற்றிரவு சீட்டில்லாமல் ஆடியது 52 நிமிடம். கல்யாணக் கூட்டத்தை விலைப் பலகையின் ஓரத்தில் கயல் சின்னப் படங்களாக வரைந்து வைத்துவிட்டாள், படிக்க எழுத்தே இல்லை. ஜனவரிக்குள் இன்னும் ஏழு நிமிடம் குறைய வேண்டும்.